சுங்கச்சாவடிக்கு அப்பால்

‘ஸ்ரீ தாணுமாலயன் பிள்ளை: வெளிநாட்டில் கல்வி பயின்றவர், சர்வதேசக் கல்வி முறைகளை நேரில் கண்டறிந்த நிபுணர், தேசிய வெளிநாட்டுக் கல்வித் திட்டத்தின் ஸ்பெஷல் ஆபீசர்.’

திருவிதாங்கூர்-கொச்சி அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர் கையேட்டில், 1951 தொடங்கி வருஷம் தவறாமல், ஓர் எழுத்து மாறாமல் இப்படித்தான் அச்சாகி வந்தது. படிக்கிறவர்கள் கோட்டும் சூட்டும் தொப்பியுமாக, வாயில் சுருட்டோடு ஒரு துரையை மனத்தில் வரைந்துகொண்டால் அது அவர்கள் குற்றமல்ல. நேரில் போய்ப் பார்த்தவர்கள் கண்டது, இஸ்திரி போட்ட வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி திருவனந்தபுரத்துக் கரமனையில் பஸ் ஏறும் ஒரு கனத்த மனிதரை. அவர் படித்த வெளிநாடு திருநெல்வேலி.

கையேடு பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

1947 ஜூன் மாதம், வெள்ளைக்காரன் போன பிறகு திருவிதாங்கூர் யாரோடும் சேராமல் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார்கள். தனி நாடு என்றால் கொடி வேண்டும், தூதர்கள் வேண்டும், மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு தேசியத் திட்டமும் வேண்டும். கொடி கைவசம் இருந்தது. தூதர் விஷயத்தைப் பெரிய இடத்தில் கவனித்துக்கொண்டார்கள். மிஞ்சியது திட்டம். அது ஹஜூர் கச்சேரி என்ற தலைமைச் செயலகத்தில் கல்விப் பிரிவுக் குமாஸ்தாவாக இருந்த தாணுமாலயனின் மேசைக்கு வந்து சேர்ந்தது. மேலதிகாரி சொல்லச் சொல்ல இவர் எழுதினார். நாட்டின் சுங்கச்சாவடிகளுக்கு உள்ளே இருப்பது தாய்நாடு. சாவடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் வெளிநாடு. வடக்கே கொச்சி வெளிநாடு. கிழக்கே ஆரல்வாய்மொழிச் சாவடியைத் தாண்டி ஒரு பஸ் பணகுடியில் நின்றால் அது வெளிநாட்டில் நிற்கிறது. லண்டனும் வெளிநாடுதான்.

இன்னும் சில விதிகள் இருந்தன. சாவடிக்கு உள்ளே பிறந்தவர்களுக்கு மட்டுமே உதவி உண்டு. திட்டத்தை நடத்தும் ஸ்பெஷல் ஆபீசர் வெளிநாட்டில் படித்தவராக இருக்க வேண்டும். நாடு பிறக்கும் நேரம், எது எப்படி ஆகுமோ தெரியாது என்பதால், அவசரம் என்று கண்டால் அந்த ஆபீசர் யாரையும் கேளாமல் தம் கையெழுத்திலேயே ஒரு மாணவருக்குக் கப்பல் கட்டணத்தை அனுமதிக்கலாம்.

திட்டம் அச்சேறி, மை காய்வதற்குள் நாடு முடிந்துவிட்டது. ஜூலை கடைசியில் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர ஒப்புக்கொண்டது. தேசம் போயிற்று, தேசியத் திட்டம் இருந்தது. அதை ரத்து செய்ய ஓர் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவை எந்தப் பிரிவு போடுவது என்பதில் அபிப்பிராய பேதம் இருந்ததால் யாரும் போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒரே ராஜ்யமாயின. வெளிநாட்டில் பாதி உள்நாடாகிவிட்டது. டில்லியிலிருந்து, உங்கள் வெளிநாட்டுக் கல்வித் திட்டத்தைக் காலத்துக்கு ஏற்பத் திருத்தி அனுப்பவும் என்று கேட்டார்கள். உடனே ஒரு திருத்தக் கமிட்டி அமைந்தது. கமிட்டிக்கு ஸ்பெஷல் ஆபீசர் வேண்டும். இலாகாவில் எடின்பரோவில் படித்துத் திரும்பிய ஒருவர் இருக்கத்தான் செய்தார். ஆனால் அவரைக் கலந்து பேசக் கூப்பிட்டபோது, “இதை எப்போது முடிக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டார். இப்படிப்பட்ட அவசரக்காரர் சரிப்படமாட்டார் என்று எல்லாருக்கும் தோன்றியது. அவரைக் கோட்டயத்துக்கு டிராயிங் பரீட்சை நடத்த அனுப்பிவிட்டு, விதியை எடுத்துப் பார்த்தார்கள். தேரூர்ப் பக்கத்து நாஞ்சில்நாட்டுக்காரரான தாணுமாலயன், இண்டர்மீடியட்டுக்குத் திருநெல்வேலிக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவர். காரணம் அறிவுத் தாகமல்ல. அங்கே அத்தை வீட்டில் சாப்பாடு. காரணம் எதுவானாலும் சாவடி சாவடிதான். குமாஸ்தா ஸ்பெஷல் ஆபீசரானார்.

கமிட்டியின் தலைவர் வலியசாலை அக்கிரகாரத்து வெங்கடசுப்ரமணியன், ஓய்வு பெற்ற புரொபசர். அவர் படித்தது சென்னையில். வீட்டு வாசலில் தொங்கிய பலகையில் பெயருக்குக் கீழே ‘வெளிநாடு சென்று கற்றவர்’ என்று எழுதி வைத்திருந்தார். கமிட்டியில் எதிர்க்கட்சி, கொச்சியிலிருந்து வந்த கருணாகர மேனோன். இவருடைய மனக்குறை நியாயமானது. கொச்சி தனி ராஜ்யமாக இருந்த காலத்தில் இவர் திருவனந்தபுரத்துக்கு வந்து படித்தவர். சென்னைக்குப் போனவர் வெளிநாடு படித்தவர் என்றால், எல்லை தாண்டி வந்த நான் மட்டும் ஏன் உள்ளூர்க்காரன் என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார். அதற்குப் பதில் சொல்ல ஒரு துணைக்கமிட்டி அமைத்தார்கள். ஆறு வருஷமாகியும் பதில் வரவில்லை.

கமிட்டி கூடும். டிக்காஷன் காப்பியும் ஏத்தங்காய் உப்பேரி என்கிற நேந்திரங்காய் வறுவலும் வரும். கோயில் ஆராட்டுத் திருவிழா வந்தால் ஒத்திவைப்பார்கள். மந்திரிசபை கவிழ்ந்தால் ஒத்திவைப்பார்கள். அந்நாளில் ஆராட்டைவிட மந்திரிசபை கவிழ்வதுதான் அடிக்கடி நடந்தது. ஒவ்வொரு புது மந்திரியும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்பார். இவர்களும் வெளிநாடு என்றால் என்ன என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இத்தனை காலத்தில் இந்தக் கமிட்டி ஒரு மாணவனையும் எங்கும் அனுப்பவில்லை. திட்டம் திருத்தத்தில் இருக்கும்போது எப்படி அனுப்புவது? தாணுமாலயனுக்கு இதில் வருத்தமில்லை. திருத்தம் முடிந்தால் ஸ்பெஷல் ஆபீசர் பதவியும் முடியும் என்பதை அவர் நன்றாக அறிவார். அந்த அறிவுக்குத்தான் சம்பளமோ என்று சந்தேகப்படும்படி, எந்தக் கூட்டமும் முடிவுக்கு வராமல் பார்த்துக்கொள்வதில் தேர்ந்திருந்தார்.

1956 வந்தது. மொழி பார்த்து ராஜ்யங்களைப் பிரிப்பதாக முடிவாயிற்று. நவம்பர் முதல் தேதியிலிருந்து நாஞ்சில்நாடும் குழித்துறையும் மெட்ராசுக்குப் போகும். மிச்சம் மலபாரோடு சேர்ந்து கேரளம் ஆகும். கமிட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எல்லை மறுபடி மாறுகிறது. இன்னும் பத்து வருஷத்துக்கு வேலை இருக்கிறது.

மகிழ்ச்சியடையாத ஒருத்தி வராந்தா பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் ரோஸ். குழித்துறைக்காரி. கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர இங்கிலாந்தில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. தங்குவதும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு; வந்து சேர்வது அவள் பொறுப்பு. கப்பல் கட்டணத்துக்காக ஆகஸ்டிலிருந்து வாரா வாரம் அப்பா தாசையனோடு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். தாசையனும் வாத்தியார்தான், பாடம் சொல்லிச் சொல்லித் தொண்டை பழுத்த வாத்தியார்.

“கமிட்டி முடியட்டும் பிள்ளே, முடிஞ்ச ஒடனே மொத பேரு உனக்கதுதான்” என்பார் தாணுமாலயன், ஒவ்வொரு வாரமும் அதே கனிவோடு.

“சாறே, நவம்பர் ஒண்ணு வந்தா குழித்துறை மெட்ராசுக்குப் போவும். நான் இந்த ராஜ்யத்துக்காரி இல்லண்ணு ஆவும். பின்ன கமிட்டி முடிஞ்சா எனக்கு எந்து பிரயோஜனம்?”

“அப்போ மெட்ராஸ் சர்க்கார்கிட்ட கேளேன்.”

“கேட்டாச்சு சாறே. நவம்பர் ஒண்ணு வரைக்கும் நீ அங்ஙத்த ஆளுண்ணு சொல்லுதாவ” என்றார் தாசையன். “அதுக்குப் பொறவு கேட்டா, அந்தப் படிப்புக்கு அங்க திட்டமே இல்லியாம். இந்தப் பிள்ளை ரெண்டு ராஜ்யத்துக்கும் நடுவில நிக்கா. ஒரு காலு இங்க, ஒரு காலு அங்க. நடுவுல சாறுக்க கமிட்டி.”

“அதெல்லாம் அப்பிடிப் பேசப்படாது கேட்டேரா. சர்வதேச விஷயம். நிதானமாத்தான் செய்யணும்.”

அக்டோபர் நான்காம் வாரத்தில் பழைய ராஜ்யத்தின் கடைசிக் கூட்டம் கூடியது. தலைவர் வெங்கடசுப்ரமணியன் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார்.

“டில்லிக்காரா எப்பப் பார்த்தாலும் கேக்கறா, ஒங்க ஊர்ல எத்தனை அந்நிய மாணவா படிக்கறான்னு. இத்தனை நாளும் பூஜ்யம்னு எழுதிண்டிருந்தோம். இனிமே அந்த அவமானம் இல்லை. நவம்பர் ஒண்ணுலேர்ந்து நாகர்கோவில் பசங்க இங்க வந்து படிச்சா, அவா சாவடிக்கு அந்தண்டை ஆளா இல்லையா? அத்தனை பேரும் அந்நிய மாணவாதான். ஒரு பைசா செலவில்லாம சர்வதேசக் கல்வி! எப்படி?”

எல்லாரும் ரசித்தார்கள். மேனோன் மட்டும் உப்பேரியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“நாகர்கோவில் பையன் இங்க வந்து படிச்சா அவன் அந்நியன். கொச்சிக்காரன் ஞான் அன்னைக்கு இங்க வந்து படிச்சேன், ஞான் அந்நியன் இல்ல. அல்லே?”

“அது துணைக்கமிட்டி பரிசீலனையில இருக்கு ஓய்” என்றார் தலைவர்.

“இருக்கட்டும். ஞான் ஒரு திருத்தம் கொண்டு வரேன்.” மேனோன் எழுந்து நின்றார். “இந்தியா ஒரு நாடு. இந்தியாவுக்கு உள்ள எந்த ஊரும் வெளிநாடு இல்ல. அதனால, இந்தியாவுக்கு உள்ள படிச்ச யாரும் வெளிநாடு படிச்சவங்க இல்ல. பழைய ஆளுங்களுக்கும் இதே சட்டம் கேட்டோ. கையேட்டில போட்டிருக்கிறதை அடிக்கணும். வீட்டு வாசல்ல பலகை தொங்கவிட்டிருக்கிறவங்க பலகையை இறக்கணும்.”

ஆறு வருஷத்தில் அந்த அறையில் பேசப்பட்ட முதல் புத்தியுள்ள பேச்சு இதுதான். அது பொறாமையிலிருந்து வந்தது என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அறையில் இருந்த மற்ற அனைவரும் மதராசிலோ திருச்சியிலோ திருநெல்வேலியிலோ படித்தவர்கள். தலைவரின் முகத்தில் வாசல் பலகை ஆடுவது தெரிந்தது. தாணுமாலயனுக்குக் கணக்கு உடனே புரிந்தது. வெளிநாடு படித்தவர் இல்லையென்றால் அவர் ஸ்பெஷல் ஆபீசர் இல்லை. ஸ்பெஷல் ஆபீசர் இல்லையென்றால் மறுபடி குமாஸ்தா.

அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக ஒரு காரியம் செய்தார். எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “ஐயா, ஒரு விளக்கம். புதுத் திட்டத்தை சர்க்கார் ஒப்புக்கொள்ளுகது வரைக்கும் பழைய திட்டம் அப்படியே உயிரோட இருக்கு. அதை யாரும் ரத்து செய்யல்ல. அதில சொன்ன வெளிநாடு வெளிநாடுதான், அதில சொன்ன தகுதி தகுதிதான், அதில குடுத்த அதிகாரம் அதிகாரந்தான். இதை கமிட்டி இன்னைக்கே தீர்மானமாப் பதிவு செய்யணும்னு கேட்டுக்கிடுகேன்.”

“பலே!” என்றார் தலைவர். “இதுதான்யா வெளிநாட்டுப் படிப்புங்கறது.”

மேனோனைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். வேறு எந்தத் தீர்மானத்துக்கும் மூன்று கூட்டமாவது எடுத்துக்கொண்ட கமிட்டி, இதைக் காப்பி ஆறுவதற்குள் நிறைவேற்றியது.

தோற்றுப்போன மேனோன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சியில் அப்பாவும் மகளும். ஆகஸ்டிலிருந்து இவர்களைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாளும் நின்றதில்லை. இன்று நின்றார். கருணையால் அல்ல.

“மோளே, இங்க வா. பழைய திட்டம் உயிரோட இருக்குன்னு உள்ள இப்போ தீர்மானம் ஆயாச்சு. அவசரம்னா ஸ்பெஷல் ஆபீசர் தனியா ஒப்பிடலாம், கையெழுத்துப் போடலாம்னு அதில எழுதியிருக்கு. கமிட்டி வேண்டா, மந்திரி வேண்டா, ஒருத்தரும் வேண்டா. அந்த விதியை எழுதின கையும் அவர் கைதான். போய்ச் சோதிச்சுப் பாரு, என்ன சொல்றார்னு. எனக்கும் அறியணும்.”

ரோஸ் போய்க் கேட்டாள். தாணுமாலயன் அப்போதுதான் தம் மேசைக்குத் திரும்பி, பிழைத்துப்போன மனிதனின் நிம்மதியோடு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் விரல் அப்படியே நின்றது.

“இது ஆரு சொன்னது உனக்கு?”

“கொச்சி மேனோன் சார். சாறுதான் இப்போ உள்ள எழும்பி நின்னு சொன்னதாட்டு சொன்னாரு. நேரு தானா சாறே, உண்மையா?”

“சொன்னது நேருதான் பிள்ளே. ஆனா அது வேற விஷயத்துக்குச் சொன்னதாக்கும்.”

“உயிரு ஒண்ணுதானே சாறே? ஒரு விஷயத்துக்கு உயிரோட, ஒரு விஷயத்துக்குச் செத்துண்ணு உண்டா?” என்றார் தாசையன்.

“நீரு சும்மா இரும் வாத்தியாரே. அந்த விதி அவசரத்துக்குள்ளது.”

“நவம்பர் ஒண்ணுக்கு இனி பத்து நாளு இல்ல. இது அவசரம் இல்லேங்கி, எதாக்கும் அவசரம்?” என்றாள் ரோஸ்.

அவர் நாளை வாருங்கள் என்றார். அது அவருக்கு மிகவும் பழக்கமான வாக்கியம். இந்த முறை சொன்னபோது ருசிக்கவில்லை.

கரமனை வீட்டில் மனைவி பகவதியிடம் சொன்னார். சொல்லும்போது, ஒரு பெண் தம்மைத் தொந்தரவு செய்கிறாள் என்பதுபோல்தான் ஆரம்பித்தார். பகவதி சுசீந்திரத்துக்காரி, கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

“அப்பம் நவம்பர் ஒண்ணுக்குப் பொறவு எங்க அம்மை வீடு வெளிநாடாக்கும்?”

“விதிப்படி அப்பிடித்தான்.”

“நல்ல விதி. பொங்கலுக்குப் போணும்னா நானும் கப்பலேறணுமா? ஒப்பு நீங்கதானே போடணும்? இப்பமே போட்டு வையுங்கோ.”

“நீ ஒருத்தி! விஷயம் தெரியாமப் பேசாதே. நான் ஒப்பிட்டா ஆடிட்காரன் பிடிப்பான். ஒன்பது வருஷமா ஒருத்தனும் தொடாத விதி. என்னத்துக்கு ஒப்பிட்டேன்னு எழுத்து கேப்பான். கமிட்டிப் பெரியவர் கோபிப்பார். சீட்டு போவும்.”

“ஒப்பிடல்லைன்னா?”

“ஒப்பிடல்லைன்னா…” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். ஒப்பிடமாட்டேன் என்றால் காரணம் எழுத வேண்டும். பழைய திட்டம் செல்லாது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அது செல்லாது என்று தம் கையாலேயே எழுதினால், மேனோன் அதை எடுத்துக்கொண்டு கமிட்டிக்கு ஓடுவார். அந்த நிமிஷமே திருநெல்வேலி உள்நாடாகிவிடும். ஒப்பிட்டாலும் சீட்டு போகும்; ஒப்பிடாவிட்டாலும் போகும். இப்படி இரண்டு பக்கமும் அடைத்த பிறகே சில மனிதர்களுக்கு நியாயம் கண்ணில் படுகிறது. பட்டதே பெரிது.

“அந்தப் பெண்ணு எதுக்கு அங்க போறாளாம்?” என்று பகவதி கேட்டாள்.

“கண்ணு தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க.”

“முதல்ல உங்க கமிட்டிக்குச் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டுப் பகவதி அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் தாணுமாலயன் ஆபீசுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். வரும் வழியில், தலைவர் வெங்கடசுப்ரமணியனைப் பார்த்து யோசனை கேட்கலாமா என்று நினைத்து வலியசாலைப் பக்கம் போகவும் போனார். வாசலில் பலகையைக் கண்டதும் திரும்பிவிட்டார். கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதான், துணைக்கமிட்டி போடுவார். ரோசும் தாசையனும் வந்தார்கள். அவர் உட்காரச் சொன்னார். ஆகஸ்டிலிருந்து இன்றுதான் உட்காரச் சொன்னார்.

“போனா திரும்பி வருவியா பிள்ளே?”

“வருவேன் சாறே. எங்க பிள்ளைகள் இங்கதானே இருக்கு.”

“இங்கன்னா எங்க? மெட்ராஸிலயா, கேரளாவிலயா?”

“பள்ளிக்கூடத்தில சாறே” என்றாள் ரோஸ்.

தாசையனுக்குச் சிரிப்பு வந்தது, மரியாதைக்காக இருமினார். தாணுமாலயனும் சிரித்துவிட்டார். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அதற்குப் பின் நடந்தவை எதிர்பார்த்தபடியே நடந்தன. ஆடிட்காரர்கள் பிடித்தார்கள். பணம் அதற்குள் கப்பல் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. புது ராஜ்யம் பிறந்த கோலாகலத்தில் கமிட்டியைக் கலைத்தார்கள். தேசியத் திட்டம் என்று ஒன்று இருந்ததையே ஆடிட் ஆட்சேபணையைப் படித்துத்தான் பலர் தெரிந்துகொண்டார்கள். அதை ரத்து செய்து ஒரே வரியில் உத்தரவு வந்தது. ஒன்பது வருஷம் யாருக்கு அதிகாரம் என்று தெரியாமல் இருந்த உத்தரவு, யாரோ ஒரு அண்டர் செக்ரட்டரியின் கையெழுத்தில் வந்தது. அடுத்த கையேட்டில் தாணுமாலயன் பெயருக்கு எதிரே ஒரு பெருமையும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குக் கூரை மாற்றும் பிரிவில் குமாஸ்தாவாகப் போட்டார்கள். வெங்கடசுப்ரமணியனின் பலகை மட்டும் இறங்கவில்லை. மேனோன் அதைப் பார்ப்பதற்கென்றே வலியசாலை வழியாக நடப்பதாகச் சொல்வார்கள்.

டிசம்பரில் ரோஸ் பம்பாயில் கப்பல் ஏறினாள். சூயஸ் கால்வாய் அடைபட்டிருந்ததால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வழி மூடியிருக்கிறது என்று கமிட்டிக்குத் தெரிந்திருந்தால் அதற்கு ஒரு துணைக்கமிட்டி போட்டிருப்பார்கள்; மாலுமிகளுக்கு அந்த வசதி இல்லை.

தேசிய வெளிநாட்டுக் கல்வித் திட்டம் இருந்த ஒன்பது வருஷத்தில் அதன் கீழ் வெளிநாடு போனது ஒரே ஒருத்தி. அவளுடைய கப்பல் கட்டணத்துக்குத் தாணுமாலயன் கையெழுத்துப் போட்டார்.